ஒரு இஞ்ச்

ஜீப்பின் பாடியையும் அதைச் சுமக்கிற சட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகள்தான். அவற்றைக் கழற்றிவிட்டால் பாடி தனி, என்ஜினும் கியர்பாக்ஸும் அச்சும் பூட்டிய சட்டம் தனி என்று வண்டி இரண்டாகிவிடும். பதினாறு வயதில் பட்டறைக்குள் கால் வைத்தவன் நான். எத்தனையோ ஜீப்புகளுக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்திருக்கிறேன். இருந்தும் இந்த விஷயம் மண்டையில் சரியாக இறங்க ஆறு வருடம் ஆயிற்று. இறங்கிய இடம் பட்டறையும் இல்லை. தாடிக்கொம்பு சாலையில் இருந்த எங்கள் வீட்டு வாசல், வேப்பமரத்தடி. 1996 புரட்டாசி மாதம்.

ஆடலூரில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இறங்குவதற்கு முன்பே ரப்பர் கருகிய வாடை வந்துவிட்டது.

"தம்பி, பாடிய மூணு இஞ்ச் தூக்கிக் குடு. டயரு பெருசு போட்டேன், மட்கார்டுல ஒரசுது. மலையில ஒடிச்சுத் திருப்ப முடியல."

"பட்டறைக்குக் கொண்டாங்கண்ணே. இங்க எதுக்கு?"

"அங்க கேட்டேன். ஒரு வாரம் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும், மழைக்கு முன்னாடி முடியாதுன்டாக. நீ வீட்ல வச்சுச் செய்யி. சாயங்காலம் சாயங்காலம் செய்யி. எனக்கு ஐப்பசிக்குள்ள வேணும்."

ஐப்பசி என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் இருந்து தருமத்துப்பட்டி வரைக்கும் சமவெளி. அதற்கு மேல் மலை ஏறத் தொடங்கும். பன்றிமலை, ஆடலூர், கே.சி.பட்டி, தாண்டிக்குடி என்று போகிற அந்தக் கீழ்மலையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் சவ்சவ்வும்தான் வாழ்க்கை. பெரிய சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகிற பாதைதான் வண்டியைத் தின்னும். இரண்டு பக்கமும் சக்கரம் போய்ப் போய்ப் பள்ளமாகி, நடுவில் மண்மேடு முதுகு மாதிரி நிற்கும். வடகிழக்கு மழை வந்துவிட்டால் அந்த முதுகில் வண்டியின் வயிறு உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் சும்மா சுற்றும். அதற்காகத்தான் அவர் டயரை மாற்றியிருந்தார். 6.00-16 இருந்த இடத்தில் 7.00-16.

வண்டி மகிந்திரா சிஜே 3பி. வில்லிஸ் ஜீப்பை பாகங்களாக இறக்கி 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய கம்பெனி, பிறகு இந்த 3பி-யைப் பல வருடம் இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோன மாடல், நம் ஊர்களில் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஜீப்புகளைவிட இதன் பானட்டு உயரமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்த ஹரிகேன் பெட்ரோல் என்ஜின் உயரமானது, அதற்கு இடம் கொடுக்க உயர்த்திய பானட்டு அது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 இஞ்ச். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே நாலடிதான். குட்டையான, ஒடுக்கமான வண்டி. இந்த நாலடியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடியைத் தூக்கினால் வண்டியே உயர்ந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். இன்றைக்கும் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அன்றைக்கு வாசலில் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். தரையில் முதலில் இடிப்பது அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்சியல். அதை உயர்த்த ஒரே வழி டயர். டயரின் விட்டம் இரண்டு இஞ்ச் கூடினால் அச்சு ஒரு இஞ்ச் உயரும், பாதிதான். கமான் பட்டையில் கூடுதல் பட்டை சேர்த்தாலோ, கமானைச் சட்டத்தோடு கோக்கிற சாக்கிலை நீட்டினாலோ சட்டம் உயரும், அப்போதும் டிஃபரன்சியல் இருந்த இடத்தில்தான் இருக்கும். பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கினால் சட்டம்கூட அசையாது. பாடி மட்டும் மேலே போகும். பெரிய டயர் மேலே எழும்பி வரும்போது மட்கார்டில் உரசாமல் இருக்க அது இடம் கொடுக்கும். அதற்கு மேல் அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

"அப்ப மூணு எதுக்கு? ஒரசுறது எவ்வளவுன்னு அளந்து பாப்போம்ணே. அவ்வளவு மட்டும் தூக்குவோம்" என்றேன்.

ஒரு பக்கச் சக்கரத்தைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, கமானை முழுக்க அமுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, உரசிய இடத்தில் சாக்பீஸ் வைத்துக் குறித்தோம். ஒன்றரை இஞ்ச் இருந்தால் தாராளம். அந்த ஒன்றரையும் பிறகு ஒன்றாகக் குறைந்தது. அதைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் எந்த வேலையும் நடக்கவில்லை. காலையும் மாலையும் போல்ட்டுகளின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றியதுதான் வேலை. சமவெளி ஜீப்புகளில் போல்ட் இவ்வளவு பிடிக்காது, எங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று. மலை வண்டி வேறு ஜாதி. இராத்திரிப் பனி, சேறு, அதற்கு மேல் பின்னால் ஏற்றிப்போகிற யூரியா, பொட்டாஷ் மூட்டை. மூட்டை கிழிந்து சிந்தியது தளத்தின் இடுக்கில் இறங்கி, ஈரம் பட்டு, இரும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். பின்பக்கம் இருந்த போல்ட் தலைகள் அவரைக்கொட்டை மாதிரி உருண்டு போயிருந்தன. ஸ்பேனர் பிடிக்கவே இல்லை.

கேஸ் கட்டிங் வைத்துச் சூடாக்கினால் சீக்கிரம் கழன்றுவிடும். பட்டறையில் அதுதான் பழக்கம். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், பாடியோடு சேர்ந்து இருக்கும். டேங்குக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு தகரம்தான். வாசலில் அக்காவின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தெருமுனைக்குக் கொண்டுபோய் வைத்த பிறகும் எனக்கு நெருப்பு வைக்க மனம் வரவில்லை. ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு போல்ட்டை மல்லாந்து படுத்தபடியே அறுத்தேன். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். துரு கண்ணில் கொட்டும். இரண்டு இடத்தில், பெட்டிக்குள் வைத்து வெல்டிங் அடித்த நட்டு, வெல்டிங் விட்டு உள்ளேயே சுற்றியது. மேலே தளத்தில் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, கையை விட்டுப் பிடித்துக் கழற்றி, பிறகு தகரம் வைத்து மூடினோம்.

போல்ட் வெளியே வந்த பிறகுதான் அந்த ரப்பரைப் பார்த்தேன். பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு ரப்பர் மெத்தை இருக்கும். சட்டம் முறுகும்போது அந்த முறுக்கு பாடிக்குப் போகாமல் அதுதான் வாங்கிக்கொள்ளும். இதில் ரப்பர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நசுங்கி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. பின்பக்கம் இரண்டு இடத்தில் அதுவும் இல்லாமல் இரும்பின் மேல் இரும்பே உட்கார்ந்திருந்தது. அதே கனத்துக்குப் புது ரப்பர் வாங்கி அருகில் வைத்துப் பார்த்தேன். பாடி ஏற்கெனவே அரை இஞ்ச் இறங்கிப் போயிருந்தது. அவர் கேட்ட மூன்று இஞ்சில் அரை இஞ்ச், வண்டி பிறந்தபோதே அதற்குச் சொந்தமாக இருந்தது. புது ரப்பர் போட்டாலே அது திரும்பக் கிடைத்துவிடும். அளந்த ஒன்றரையில் மீதி ஒரு இஞ்சுக்கு மட்டும் கட்டை வைத்தால் போதும்.

இன்றைக்கு என்னிடம் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து "தூக்கணும்" என்று சொல்கிற எவருக்கும் நான் முதலில் இந்த ரப்பரைத்தான் மாற்றச் சொல்கிறேன். பலர் அதோடு திருப்தியாகிப் போய்விடுகிறார்கள்.

கட்டைக்கு என்ன போடுவது என்பதில் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற கனத்த ரப்பர் வில்லையைத் துளை போட்டு வைத்துவிடுவார்களாம். நம் பக்கம் லாரி டயரை வட்டமாக வெட்டி இரண்டு மூன்றை அடுக்கி வைத்த வண்டி பார்த்திருக்கிறேன். அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், போல்ட் வளையும். தேக்குக் கட்டை வைத்த வண்டியும் பார்த்தேன், மழை குடித்து நெடுக வெடித்திருந்தது. வெறும் இரும்புக் குழாய் வைத்தவர்கள் வண்டியில் உட்கார்ந்து பேசவே முடியாது, ஒவ்வொரு கல்லும் காதுக்குள் விழும். நான் நைலான் உருளைதான் வேண்டும் என்று நின்றேன். நாகல் நகரில் மச்சான் லேத் வைத்திருந்தார். இரண்டரை இஞ்ச் கனத்தில் நைலான் ராடு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு இஞ்சுக்குக் கடைந்து, நடுவில் துளை போட்டு, ஓரத்தை லேசாகச் சரித்துக் கொடுத்தார். நைலான் கடையும்போது இரும்பு மாதிரிப் பொறி பறக்காது. வெள்ளை நூல் மாதிரி நீளமாகச் சுருண்டு சுருண்டு வரும். அக்கா பிள்ளைகள் அதை அள்ளிக்கொண்டு போய் பொம்மைக்குத் தலைமுடி வைத்தார்கள்.

வெர்னியர் வைத்து எல்லாவற்றையும் அளந்தேன். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவு. "இது ஒரு கொறையா மாப்ள?" என்றார் மச்சான். ஒரு இடத்தில் குறைந்தால் அந்த இடத்துச் சுமையைப் பக்கத்தில் இருப்பது தாங்க வேண்டும், தகரம் அங்கேதான் கிழியும் என்றேன். ஒன்றும் பேசாமல் இன்னொன்று கடைந்து கொடுத்தார். போல்ட்டும் பழைய நீளத்தைவிடச் சரியாக ஒரு இஞ்ச் கூடுதல், தலையில் 8.8 என்று அடித்தது. சாதாரண போல்ட் நீளம் கூடக்கூட வளைய ஆரம்பிக்கும்.

தூக்கிய நாள் ஞாயிற்றுக்கிழமை. வேப்பங்கிளையில் செயின் பிளாக் கட்டி மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்று மச்சான் சொன்னார். மரத்தை நம்பி ஒரு பாடியை அந்தரத்தில் தொங்கவிட நான் சம்மதிக்கவில்லை. எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, இடது பக்கத்தை மட்டும் முழுதாக உருவினோம். வலது பக்கம் நாலைந்து மரை பிடித்தபடி நின்றது, கதவுக்குக் கீல் மாதிரி. பாடியின் ஓரம் முழுக்கத் தாங்குகிற நீளத்துக்கு ஒரு பலகை. அதன் அடியில் இரண்டு பாட்டில் ஜாக்கி. ரெயில்வேயில் கழித்துப் போட்ட ஸ்லீப்பர் கட்டை திண்டுக்கல் ஜங்ஷன் பக்கம் விறகுக்கடையில் கிடைக்கும். அதில் வெட்டிய துண்டுகளைப் பக்கத்தில் அடுக்கி வைத்தோம். ஒரு விரல்கடை ஏறினால் ஒரு துண்டு உள்ளே போக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, கட்டை தாங்குவதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் விரலைக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கும் அன்றைக்கு நடக்க இருந்தது. மச்சான் நைலான் உருளையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பின்பக்க ஜாக்கியின் அடியில் வாசல் மண் கொஞ்சம் இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம். பலகை சரிந்து, பாடி இரண்டு விரல்கடை இறங்கி, ஸ்லீப்பர் துண்டின் மேல் உட்கார்ந்தது. மச்சானின் கை உள்ளேதான் இருந்தது. கட்டை இல்லாவிட்டால் நாலு விரலும் போயிருக்கும். அவர் கையை மெதுவாக வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சொம்புத் தண்ணீர் முழுவதும் குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு உருளையைக் கையால் வைக்கவில்லை. நீளமான கம்பியால்தான் தள்ளினோம். ஜாக்கிக்கு அடியில் அரை இஞ்ச் இரும்புத் தகடு போட்டோம். அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். மண் தரை என்று தெரிந்தும் போடாதது என் தவறு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு பக்கமும் முடிந்தது. பாடி ஒரு இஞ்ச் மேலே நின்றது. தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. ஜீப்பும் அதற்கு ஈடாக நிமிர்ந்து நிற்கிற மாதிரி தெரிந்தது எனக்கு. ஆடலூர்க்காரருக்கு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் போட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்ணே என்றேன்.

அவர் வண்டியை எடுத்தது அதற்கு எட்டு நாள் கழித்து.

பாடியில் இருப்பது எது, சட்டத்தில் இருப்பது எது என்று நான் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆகவே ஒவ்வொன்றும் தானாக வந்து என்னை இடித்தது. ஸ்டீயரிங் பெட்டி சட்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்புகிற நீளக் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து டேஷ்போர்டில் ஒரு கிளாம்ப்பில் உட்காரும். பாடி மேலே போனதும் தளத்தின் துளை குழாயை ஒரு பக்கம் நெரித்தது. கிளாம்ப் மேலே இழுத்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது. கொஞ்சம் கனமாக இருந்தது, புது கிரீஸ் வைத்தால் சரியாகும் என்று நினைத்தேன்.

அப்பா திண்ணையில் இருந்து இறங்கி வந்தார். அவர் பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அவர் காலத்தில் அப்படியெல்லாம் யாரும் தேடி வரவில்லை. மாங்காய்ப் பூட்டும் நவ்தால் பூட்டும் செய்து, அரம் பிடித்த வலது கை இடது கையைவிடத் தடித்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார், விட்டார். மறுபடி திருப்பினார், விட்டார்.

"இங்க ஒரு எடத்துல பிடிக்குதுடா."

"இல்லப்பா, திரும்புதே."

"திரும்புது. பிடிச்சுக்கிட்டுத் திரும்புது. பூட்டுக்குள்ள சாவி இப்படிப் போச்சுன்னா நான் அந்தப் பூட்ட விக்க மாட்டேன். மலையில இவரு திருப்பயில இது பிடிச்சு நின்டுச்சுன்னா?"

உள்ளே போய்த் தன் அரை வட்ட அரத்தை எடுத்துவந்தார். துளையை வட்டமாகப் பெரிதாக்க எனக்கு கிரைண்டர் போதும், பத்து நிமிஷம். அவர் விடவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறும் சூடும் உள்ளே வரும் என்றார். தளத்தில் குந்தி உட்கார்ந்து, துளையின் கீழ் ஓரத்தை மட்டும் ராவினார். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு வெளிச்சம் தெரிகிற வரை, மாலை விளக்கு வைக்கிற நேரம் வரை ராவினார். முட்டை வடிவத்தில் வந்தது துளை. டேஷ்போர்டுக் கிளாம்ப்பை நான் ஒரு இஞ்ச் இறக்கித் தகடு வைத்துக் கட்டினேன். அதன் பிறகு ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்ற முடிந்தது.

பெடல்கள் அடுத்தது. இந்த மாடலில் கிளட்ச், பிரேக் பெடல் இரண்டும் சட்டத்தில் இருந்து தளத்தைத் துளைத்து மேலே வரும். பாடி ஒரு இஞ்ச் ஏறினால் பெடல் ஒரு இஞ்ச் இறங்கியதாக அர்த்தம். காலால் மிதித்தால் கடைசி ஒரு இஞ்ச் கிடைக்காமல் தளத்தில் போய் முட்டும். கிளட்ச்சில் இது கியர் கத்துவதில் தெரிந்துவிடும். பிரேக்கில் தெரியாது. சாதாரணமாக மிதிக்கும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும். லைனிங் தேய்ந்து, பெடல் ஆழமாகப் போக வேண்டிய ஒரு நாள், இறக்கத்தில், அந்த ஒரு இஞ்ச் இல்லாமல் போகும். பெரிய டயர் வேறு. சக்கரம் பெரிதாக ஆக அதே பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். பெடல் கையை வெட்டி நீட்டி வெல்டிங் வைத்துவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். பிரேக் பெடலில் நான் அன்றும் வெல்டிங் வைத்ததில்லை, இன்றும் வைப்பதில்லை. பாதம் படுகிற தட்டைக் கழற்றி, நடுவில் இரும்புத் துண்டு கடைந்து வைத்து, போல்ட் போட்டு உயர்த்தினோம்.

ஆக்ஸிலரேட்டர் பெடல் மட்டும் பாடியில் இருக்கிறது. அதன் ராடு என்ஜினுக்குப் போகிறது. நான் இதைப் பார்க்கவே இல்லை. ஐந்தாம் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் பிடித்த உடனே யாரும் மிதிக்காமல் அலற ஆரம்பித்தது. பாடி மேலே போனபோது ராடை இழுத்துக்கொண்டு போய், கார்புரேட்டரைப் பாதி திறந்து வைத்திருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தினேன். கியரில் இருந்திருந்தால் வேப்பமரத்தில்தான் போய் நின்றிருக்கும். ஹேண்ட்பிரேக்கும் அதே கதை. இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரம்மில் பிடிக்கும். கைப்பிடி பாடியில், டிரம் சட்டத்தில். ஒயர் விறைத்து, ஹேண்ட்பிரேக் போடாமலேயே லேசாகப் பிடித்தபடி இருந்தது. தெருமுனை வரை ஓட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன், டிரம் சுட்டது.

ரேடியேட்டர் விஷயத்தில் பிழைத்தோம். இந்த மாடலில் அது சட்டத்தின் மேலேயே நிற்கும். ஃபேன் இருக்கிற உயரத்தில் அதுவும் இருந்தது. ரேடியேட்டரைப் பாடியோடு பூட்டியிருக்கிற வண்டிகளில் ஃபேன் போய்க் கவரில் அடிக்கும். அதை வேறு வண்டியில் பிறகு பார்த்தேன். பெட்ரோல் ஹோஸ், கியர் லீவரின் ரப்பர் கூடு, ஸ்பீடாமீட்டர் ஒயர் எல்லாம் ஒரு நாள் வேலை. முன் பம்பர் சட்டத்தில் இருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. சேறு அது வழியாக என்ஜினுக்குள் அடிக்கும். பழைய லாரி டியூபை நீளமாக வெட்டி அடைத்தோம்.

கடைசியாக வந்ததுதான் எனக்குப் புரிய நேரமானது. இரவில் லைட் போட்டால் மங்கல். ஹார்ன் அடித்தால் தொண்டை கட்டின மாதிரி சத்தம். பேட்டரி புதிது, பல்பு புதிது. ஃபியூஸ் தேடினேன், ஒயர் தேடினேன். இரண்டு மணி நேரம் கழித்து, சோக்கை உள்ளே தள்ளலாம் என்று கை வைத்தபோது சோக் ஒயர் சுட்டது. என்ஜின் நின்றிருக்கிற வண்டியில் சோக் ஒயர் ஏன் சுட வேண்டும்? பேட்டரியின் எர்த் சட்டத்தில் இருக்கிறது. லைட்டும் ஹார்னும் பாடியில் எர்த் எடுக்கின்றன. இதுவரை பாடி இரும்போடு இரும்பாகச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் நடுவில் நைலானையும் புது ரப்பரையும் வைத்து, போல்ட்டுக்கும் பெயின்ட் அடித்து, பாடியைத் தனியாகப் பிரித்துவிட்டேன். கரண்ட் திரும்பிப் போக வழி தேடி, பாடியில் இருந்து என்ஜினுக்குப் போகிற சோக் ஒயரைப் பிடித்திருக்கிறது. கனமான எர்த் பட்டை ஒன்றைச் சட்டத்தில் இருந்து பாடிக்குப் போட்டு, இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினேன். லைட் பளிச்சென்று எதிர் வீட்டுச் சுவரில் விழுந்தது.

ஆடலூர்க்காரர் வந்தபோது முதலில் சிறுமலைக்குக் கூட்டிப்போனேன். திண்டுக்கல்லில் இருந்து பக்கம், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. டயர் எங்கேயும் உரசவில்லை. ஸ்டீயரிங் லேசாக இருந்தது. வளைவில் மட்டும் வண்டி வெளிப்பக்கம் சாய்வது முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆளும் மூட்டையும் சீட்டும் எல்லாம் ஒரு இஞ்ச் மேலே போயிருக்கிறது. கீழே அகலம் அதே நாலடிதான். "அண்ணே, மேல கேரியர் போட்டு மூட்டை ஏத்தாதீங்க. ஏத்துறதெல்லாம் தளத்துலயே வைங்க" என்றேன். சரி தம்பி என்றார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, ஐந்நூறு ஓடியதும் ஒரு தடவை கொண்டுவரச் சொல்லி எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கினேன். புது ரப்பர் படியும்போது நட்டு தளரும்.

அந்த வேலைக்குக் கூலி நானூறு ரூபாய் பேசியிருந்தேன். எட்டு நாளைக்கு அது கட்டவில்லை. கூடக் கேட்க வாய் வரவில்லை, கணக்குத் தப்பியது என்னுடையது. அவராக ஒரு மூட்டை ஆரஞ்சு இறக்கிவிட்டுப் போனார்.

இப்போது என்னிடம் வருகிற பையன்கள் தார் ஜீப் கொண்டுவருகிறார்கள். இரண்டு இஞ்ச் கிட் பெட்டியோடு வாங்கிவந்து, "வீட்லயே போட்டுரலாம்ல மாமா, போல்ட்டு மட்டும்தான" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்கு மேல் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று, இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் இடிபட்டால் மடங்குகிற மாதிரி செய்தது, ஏர்பேக் ஒயர், ஏபிஎஸ் ஒயர் எல்லாம் ஓடுகிறது. அப்பாவின் அரத்தால் அதற்கு வழி பண்ண முடியாது. இன்னொன்று அரசாங்கச் சட்டம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்தில் இருந்து வந்த வழக்கில் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1996-லும் 52-ஆம் பிரிவு இருந்தது. எனக்கும் ஆடலூர்க்காரருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இப்போது தெரியும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் பாடி தூக்குவதில்லை. ரப்பர் மாற்றித் தருகிறேன், தேய்ந்த கமான் பட்டைக்குப் புதுப் பட்டை போட்டு இழந்த உயரத்தை மீட்டுத் தருகிறேன். சில பையன்கள் கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறார்கள். போகிற வழியில் எர்த் பட்டையை மட்டும் மறக்காமல் போடச் சொல்லி அனுப்புகிறேன்.

2021-ல் அந்த 3பி திரும்பி வந்தது. பெரியவர் இல்லை, மகன் ஓட்டிவந்தான். ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், வண்டியை முதலில் இருந்த மாதிரியே ஆக்கிக் கொடுங்கள் என்றான். போல்ட்டுகளுக்கு இந்த முறை மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. நான் அன்றைக்குத் தடவிய கிரீஸ் கறுத்துப் போய் இன்னும் இருந்தது. நைலான் உருளைகளை எடுத்துக் கழுவி வரிசையாகத் திண்ணையில் வைத்து வெர்னியரால் அளந்தேன். சுமை தாங்கிய பின்பக்கத்தவை கொஞ்சம் தேய்ந்திருந்தன, முன்பக்கத்தவை அப்படியே. பெடலில் வைத்த துண்டுகளைக் கழற்றினேன். கிளாம்ப்பை ஏற்றினேன். ஆக்ஸிலரேட்டர் ராடையும் ஹேண்ட்பிரேக் ஒயரையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பாடி கீழே இறங்கியதும் ஸ்டீயரிங் குழாய் துளையின் மேல் ஓரத்துக்குப் போய்விட்டது. கீழே அரை நிலா அளவுக்கு இடைவெளி. டிங்கர் வேலை செய்கிற பையன் தகரம் வெட்டிக்கொண்டு வெல்டிங் கம்பியோடு வந்து நின்றான். நான் உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் துரு ஏறியிருந்தது. அந்த ஓரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்த இடத்தில், ஒரே சாய்வில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் அரத்தின் மெல்லிய வரிகள் தெரிந்தன. கட்டை விரலால் தடவினேன். ஒரு பிசிறு இல்லை.

"வெல்டிங் வேண்டாம்டா" என்றேன். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு ஸ்குரு போட்டு, அதை மூடிக் கொடுத்தேன்.